தண்ணி தெளிக்காத ஓணம்

வடக்கேக்கரை,
குட்டநாடு.

என் செல்ல மகள் டெஸ்ஸிக்கு உன் சித்தப்பன் சாக்கோ எழுதுவது. மாதா காவலில் நானும் உன் சித்தி ஏலியம்மாவும் உன் அம்மாவும், வாத்துகள் முதற்கொண்டு சகல ஜீவன்களும் இங்கே சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் உன் மூக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம்.

உன் போன் வந்ததிலிருந்து அம்மா அழுகிறாள். பாஷைப் பரீட்சை மறுபடியும் போய்விட்டது, அது இல்லாமல் நர்ஸ் வேலை நிலைக்காது, இன்னும் ஒரே தடவைதான் எழுத விடுவார்கள், அதையும் எழுதாமல் திரும்பி வருகிறேன், எனக்கு ஜெர்மனி அவ்வளவு இஷ்டமுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாயாம். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் மகளே, அது நம் ஊர்ச் சிரிப்பு. பந்தயத்தில் நம் வள்ளம் பின்தங்கினால் என்ன செய்வோம்? பாதி வழியில் துடுப்பை நிறுத்தி, கரையில் நிற்பவர்கள் மேல் தண்ணீரை வாரித் தெளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே வருவோம், ஜெயிக்க வந்தவர்களே இல்லை, விளையாட வந்தவர்கள் மாதிரி. தெளிப்பதில் நம்மை அடிக்க இந்தக் காயலில் ஆள் கிடையாது.

இந்த ஓணப் பந்தயத்தில் நடந்ததைக் கேள். நம் வள்ளத்தின் நடுவில் நின்று உலக்கையால் பலகையை இடித்துத் தாளம் கொடுத்தது நான்தான். நான் இடித்த இடியில் கோட்டயத்தில் ஒரு பிள்ளை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்ததாகப் பேச்சு. இருந்தும் பள்ளிக்கரை வள்ளமும் சிறைமேல் வள்ளமும் எங்கேயோ முன்னால் போய்விட்டன. பின்னால் சுக்கான் பிடித்த குட்டப்பன், போதும் சாக்கோச்சா, தெளிச்சிருவோம் என்றான். பிள்ளைகள் துடுப்பைத் தூக்கியும் விட்டார்கள். அப்போது கரையிலிருந்து உன் சித்தி போட்டாள் பார் ஒரு சத்தம், தண்ணி தெளிக்கவா போனீங்க, அதுக்கு வீட்டுல வாளி இருக்கு, மாட்டுத்தொழுவம் கழுவாமக் கெடக்கு, வாங்க என்று. கரையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! எவனாவது துடுப்பைத் தூக்கினா உலக்கை மண்டையிலதான் இறங்கும், போடுங்கடா என்று இடித்தேன், பலகை விரிசல் விட்டது, பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே போட்டார்கள். பந்தயம் முடிகிற கொடிக்கயிறு கண்ணில் படுகிற இடத்தில் முன்னால் போன இரண்டு வள்ளமும் ஒன்றையொன்று நெருக்கி, துடுப்போடு துடுப்பு சிக்கி, உங்கப்பனா எங்கப்பனா என்று சண்டை. நாம் அந்த ஓரமாக வாத்துக்கூட்டம் மாதிரி நழுவிக் கயிற்றைத் தாண்டிவிட்டோம்! ஒரு முழ வித்தியாசம் என்கிறார் நடுவர். அவருக்குக் கண் சரியில்லை, ஒரு தென்னைமர நீளம் இருக்கும். பள்ளிக்கரைக்காரன் அதிர்ஷ்டம்டா என்று கத்தினான். அதிர்ஷ்டந்தான்டா, தெளிச்சிக்கிட்டு நின்னிருந்தா அதையும் வேடிக்கைதானே பாத்திருப்போம் என்றான் குட்டப்பன்.

கோப்பை இப்போது நம் வீட்டில், உன் கட்டிலில் கிடக்கிறது. கட்டிலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அவ்வளவு பெரிது. சித்தி அது சொம்பு அளவு என்பாள், நம்பாதே. ஆகவே தண்ணி தெளித்துவிட்டு வந்தால் உனக்குப் படுக்க இடமில்லை. கயிறு வரைக்கும் துடுப்பு போட்டுத் தோற்று வா, கோப்பையை நானே தரையில் இறக்கிவைத்துப் பாய் விரிக்கிறேன். ஜெயித்தாயானால் அங்கேயே இரு, நான் வந்து பார்க்கிறேன், ஜெர்மன் எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இந்த வாரமே பரீட்சைக்குப் பேர் கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய், தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இறந்துபோன உன் அப்பனுக்கும் சேர்த்து நானே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன்.

ஜெயித்த வள்ளத்தின் உலக்கைக்காரன்,
உன் சித்தப்பன்
சாக்கோ