இருபத்தைந்து வீட்டுத் தெருவில் முப்பத்தைந்தாம் கதவு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். காலை எட்டு மணிக்கே உச்சி மண்டையில் தோசை ஊற்றலாம். பூசை முடிந்ததும் சிதம்பரம் பஸ். ஜன்னலோர சீட். குடிகாட்டுக் கெமிக்கல் ஆலை நாற்றம் தாண்டும் வரை ஜன்னலைச் சாத்தி மூக்கையும் பொத்தி வந்ததால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அக்கா வீடு. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை போனது. பேச்சு இருக்கிறது, நடை இருக்கிறது, கோபம் முன்பைவிட ஜாஸ்தி. கை மட்டும் யாரோ மடியில் வைத்துவிட்டு மறந்துபோன பைபோல. பயிற்சி கொடுக்கும் பெண் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாளாம். ரோஸி சொன்னாள். அக்கா பெற்ற ஒரே மகள், சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதும் மகாராணி.

15-ஆம் தேதி மாதா திருநாள். வருடா வருடம் அன்று பகல் பிரியாணிக்குப் பிறகு அக்காவும் நானும் தாயம். தோற்றவர் அன்றைய பாத்திரம் அத்தனையும் கழுவ வேண்டும். பெட்டியிலிருந்து பித்தளைக் கட்டை இரண்டையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நான் செய்த முட்டாள்தனங்களில் முதல் மூன்றில் இது வரும். அந்தக் கட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருண்டால்தான் விழும். ஒற்றைக் கையால் ஆகாது. சமாளிக்க, நானே இரண்டு பேருக்கும் உருட்டுகிறேன், நீ காயை மட்டும் நகர்த்து என்றேன்.

"நீ உருட்டி விழுந்தா அது உன் தாயம்டா. எடுத்து உள்ள வை. இந்த வருசம் கெடையாது. இனிமேலும் கெடையாது."

அந்த 'இனிமேலும்' நன்றாக இல்லை.

திரும்பும் பஸ்ஸில் சபதம். திருப்பாதிரிப்புலியூரின் ஜெராக்ஸ் சக்கரவர்த்தி, கல்யாணப் பத்திரிகைகளின் தந்தை, சூசை ஆகிய நான், 15-க்குள் லேப்டாப்பில் தாயம் செய்வேன். ஒரே பொத்தான். இடது கை விரல் ஒன்று போதும். ரோஸியிடம் கேட்கமாட்டேன். அரைமணியில் செய்து கொடுத்துவிட்டு அரை நூற்றாண்டு சொல்லிக்காட்டுவாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். கடை. பத்திரிகை புரூஃப் பார்க்க வந்த ஒருவர்: "மாப்ள படிப்ப பெரிய எழுத்துல போடுங்க. பொண்ணு ஜாஸ்தி படிச்சிருக்கு, அத சின்னதா போடுங்க." இரண்டையும் ஒரே அளவில் போட்டுவிட்டேன். கண்ணாடி போடாமல் வந்த மனிதர், பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

பைத்தான், புரோகிராம் எழுதும் பாஷையாம். வீடியோவில் ஒரு பையன் 'ரொம்ப ஈஸி' என்று பதினொரு முறை சொன்னான். அவன் வீட்டில் ஈ மொய்க்கட்டும்.

எங்கள் தாயம் ஐந்துக்கு ஐந்து கட்டம். வெளிச்சுற்று 16, உள்சுற்று 8, நடுவில் பழம் 1. ஆக 25 வீடு. வரிசையாக ஒரு பட்டியலில் எழுதினேன். பழம் 25-ஆம் வீடு, எனவே 25-ஆம் வீட்டைக் காட்டு என்றேன். சிவப்பு எழுத்தில் வாந்தி எடுத்தது. லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச், அதாவது அப்படி ஒரு வீடே இல்லையாம்.

விசாரித்ததில், இந்த மேதாவி இயந்திரம் முதல் வீட்டைப் பூஜ்யம் என்கிறது. கடைசி வீடு 24. உலகத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் முதல் மாம்பழத்தைப் பூஜ்யம் என்று எண்ணியதில்லை. லட்சம் கோடி செலவழித்து ஒரு பொருளைக் கண்டுபிடிப்பார்களாம், அதற்கு ஒன்றாம் வகுப்பு பாடம் தெரியாதாம். பழம் இனிமேல் 24. எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். எலிசா (என் மனைவி, என் விஷயத்தில் நிரந்தர எதிர்க்கட்சி) பார்த்துவிட்டு, பால் பாக்கெட் கணக்கா என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மாலை தூறல். கரண்ட் இரண்டு முறை போனது.

காய்கள் வரைந்தாயிற்று. ஆளுக்கு நாலு. தாயம் விழும் வரை காய் பலகைக்குள் வரக்கூடாது. உள்ளே வராத காய்க்கு என்ன எண் கொடுப்பது? பூஜ்யத்தையும் முதல் வீடு அபகரித்துக்கொண்டதால், -1 கொடுத்தேன். என் அறிவை நானே மெச்சி ஒரு டீ.

ஓடவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே எட்டுக் காயும் நடுப்பழத்தில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பந்தி தொடங்கும் முன் இலையில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி.

பிழை என்று சொல்லவும் இல்லை. சிவப்பு இல்லை, கத்தல் இல்லை. அதுதான் கேவலம். பைத்தானில் -1 என்றால் பட்டியலின் கடைசி வீடாம். பின்வாசல் வழியாக எண்ணுமாம். தெருவுக்கே வராதவனைத் தெருக்கோடி மாளிகையில் உட்காரவைத்து விசிறுகிறது.

இன்னும் கேள். என் காய் அக்கா காயை வெட்டினால், வெட்டுப்பட்ட காய் வெளியே போக வேண்டும், அதாவது -1. அதாவது நேராகப் பழம். வெட்டுப்பட்டவுடன் மோட்சம். இது தாயம் இல்லை, வேதசாட்சிகளின் சரித்திரம்.

சரிசெய்தேன்: காய் உள்ளே வந்துவிட்டதா என்று முதலில் கேள், வரவில்லை என்றால் பட்டியலைத் தொடாதே, பலகைக்கு வெளியே ஓரமாக வரை. மூன்று வரி. மூன்று மணி நேரம்.

இன்று வெறுத்தவை:
– பூஜ்யம்
– -1
– வீடியோ பையன்
– பருப்பில் உப்பு
– 'கை வரலன்னா தலையெழுத்து' என்று கடைக்கு வந்து அக்காவைப் பற்றிச் சொல்லிப்போன எங்கள் கோயில் பங்குக்காரர் ஒருவர். அவர் கேட்ட பத்து ஜெராக்ஸும் கோணலாக எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில், காற்று. பூசையில் சாமியார் பிரசங்கம் நாற்பது நிமிடம். அவருக்கும் கடைசி வீடு எதுவென்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மதியம் எலிசாவை உட்காரவைத்துச் சோதனை ஆட்டம். பொத்தானை அழுத்தினால் கட்டை உருள்கிறது, எண் விழுகிறது, காய் நகர்கிறது. நான் செய்ததா இது என்று எனக்கே மெய்சிலிர்ப்பு. எலிசாவுக்கு மூன்று காய் பழம். நாலாவது காய் 22-இல். இரண்டு விழுந்தால் ஜெயம். அவள் அழுத்தினாள். விழுந்தது பன்னிரண்டு.

சிவப்பு. ஆட்டமே செத்துப்போனது.

"இன்னாங்க இது. நான் ஜெயிக்கிற நேரத்துல மயக்கம் போட்டு விழுவுது. உங்க புத்தி அப்படியே எறங்கியிருக்கு."

யோசித்தேன். 22-உம் 12-உம் 34. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது முப்பத்தைந்தாம் வீடு. இருபத்தைந்தே வீடுள்ள தெருவில் முப்பத்தைந்தாம் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். இந்த நாலு நாளும் ஏன் தெரியவில்லை? தனியாக ஆடிப் பார்த்தபோதெல்லாம் என் பக்கம் தோற்கத் தொடங்கியதும் மூடிவைத்துவிடுவேன். ஒருமுறைகூட ஆட்டத்தைக் கடைசி வரை கொண்டுபோகவில்லை. இதை எலிசாவிடம் சொல்லப்போவதில்லை.

அதிகமாக விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இயந்திரத்துக்கு நான் எழுதவே இல்லை. தாயத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யார் எழுதிவைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரோஸி போன். எலிசா உளவு சொல்லியிருக்கிறாள். மகாராணி சிரித்த சிரிப்பில் கடலூர் துறைமுகத்துப் படகெல்லாம் ஆடியிருக்கும்.

"மாமா, பட்டியலத் தொடறதுக்கு முன்னாடி எண் பூஜ்யத்துக்கும் இருபத்திநாலுக்கும் உள்ள இருக்கான்னு பாரு. அவ்வளவுதான். வெளிய போனா இன்னா செய்யணும்னு நீதான் முடிவு பண்ணணும், அது ஆட்டத்தோட சட்டம்."

எனக்குச் சட்டம் சொல்கிறாள். நான் தாயம் ஆடியபோது இவள் பிறக்கவே இல்லை.

கேட்டுவைத்தேன்: அம்மா எப்படி? பயிற்சிப் பெண்ணை வரவேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். பந்தை அமுக்கச் சொன்னால், நான் என்ன குழந்தையா என்கிறாளாம். திருநாளுக்குப் பிரியாணி மட்டும் போதும், யாரும் விளையாட்டு கிளையாட்டு என்று வரக்கூடாது என்று உத்தரவாம். "நீ எடுத்துட்டு வா மாமா. அவுங்க ஆடலன்னா நாம ரெண்டு பேரும் ஆடலாம்" என்றாள், குரல் இறங்கி.

சாயங்காலம் நாலு மணி. கடையில் கூட்டமில்லை. எழுதினேன்: எண் 24-ஐத் தாண்டினால் 24 என்றே வைத்துக்கொள். ஒரே வரி. என்ன விழுந்தாலும் காய் பழத்தில் போய் முட்டி நிற்கும். சிவப்பு போயே போச்சு. இது ஆட்டத்தின் சட்டம் இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவள் சீக்கிரம் ஜெயித்தால் நல்லது. ஒரு நாள் ஜெயிக்கட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மேகமூட்டம். கா. 6.40 பஸ். லேப்டாப் மடியில், கைக்குழந்தைபோல. பக்கத்து சீட்காரர் வேலைக்குப் போகிறீர்களா என்றார். போர்க்களத்துக்கு என்றேன். சிதம்பரம் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் போர் அங்கேயே தொடங்கிவிட்டது.

பூசை, பிரியாணி, தயிர்ப்பச்சடி. அதன் பிறகு லேப்டாப்பைத் திறந்து ரோஸியும் நானும் ஆடத் தொடங்கினோம். அக்கா சுவர்ப் பக்கம். பத்து நிமிடம். நான் வேண்டுமென்றே ஒரு காயைத் தப்பாக நகர்த்தினேன்.

"மலையில வெட்டுப்படாம இருக்கிற காய எவனாவது எடுப்பானா. மடையா."

ரோஸி சத்தமில்லாமல் எழுந்து இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தாள். இடது ஆள்காட்டி விரல். முதல் அழுத்தலில் மூன்று. இரண்டாவதில் தாயம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம். என் காயை ஐந்து முறை வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் என் பரம்பரைக்கு ஒரு பட்டம். அது அவளுக்கும் பரம்பரைதான் என்று சொன்னதற்கு இன்னொன்று. அவளுக்கு மூன்று பழம், கடைசிக் காய் 22-இல். எனக்கும் ஒரே காய்தான் பாக்கி, 20-இல். அவளுக்கு இரண்டு வேண்டும்.

அழுத்தினாள். நாலு விழுந்தது. காய் ஓடிப்போய்ப் பழத்தில் உட்கார்ந்தது. திரையில் பெரிய எழுத்தில், நானே வடிவமைத்த தங்க நிறத்தில், வெற்றி.

நான் கைதட்டினேன். நான் மட்டும்தான்.

அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டுதானடா வேணும்."

கம்ப்யூட்டர் அப்படித்தான் அக்கா என்றேன். அதற்குக் கணக்கு வராது, பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜென்மம் என்றேன். ரோஸி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு விழுந்தா காய் அங்கியே கெடக்கணும். அது உனக்குத் தெரியும். மிசினுக்கு எப்படித் தெரியும், நீ சொன்னாத்தான தெரியும்." பிறகு: "கை வரலன்னு ஓசிப் பழம் குடுக்கிறியா சூசை."

இடது கையால் லேப்டாப் மூடியைச் சாத்தினாள். மறுபடி சுவர்ப் பக்கம்.

ஐம்பத்திரண்டு வயதில் கொல்லைக் குழாயடியில், துவைக்கிற கல்மேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரோஸி வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிணற்றில் தள்ளியிருப்பேன். ஓசி வரியை அழித்தேன். எழுதினேன்:

– முதலில் கூட்டிப் பார், காயைத் தொடாதே.
– 24-க்குள் இருந்தால் நகர்த்து.
– தாண்டினால் காய் இருந்த இடத்திலேயே. முறை அடுத்தவருக்கு.

அக்கா காய் 22, என் காய் 20, மற்றதெல்லாம் பழம் என்று அதே நிலையை வைத்தேன். உள்ளே கொண்டுபோய் அவள் பக்கம் திருப்பினேன். உனக்கு நாலு விழுந்துவிட்டது, காய் நகரவில்லை, இப்போது என் முறை என்றேன். காய் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"போடு" என்றாள்.

போட்டேன். எனக்கு நாலு வேண்டும். நாலுதான் விழுந்தது.

மாதா சாட்சி, நான் எதையும் தொடவில்லை. பழம். தங்க நிறத்தில் வெற்றி, என் பெயருக்கு. தோற்பதற்காகப் பன்னிரண்டு நாள் உயிரைக் கொடுத்து உழைத்து ஜெயித்துத் தொலைத்த ஒரே மனிதன்.

அக்கா என்னைத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல. தெருவில் போன ஆட்டோ நின்றது. திட்டி முடித்துவிட்டு எழுந்தாள், கொல்லைப் பக்கம் போனாள். பிரியாணிப் பாத்திரம் முழுக்க அங்கேதான் கிடந்தது.

ஆகஸ்ட் 16, சனி

மழை விட்டிருக்கிறது. நேற்று மூன்றாவது ஆட்டம் முடிய நேரமாகிவிட்டது, ஊருக்குப் போகவில்லை. இரண்டில் நான் ஜெயம், ஒன்றில் அவள். பழத்தைத் தாண்டி ஒரு காய்கூட வெளியே போகவில்லை. சிவப்பும் இல்லை.

காலை இட்லி. எனக்கு வைத்த தட்டில் நேற்றைய மசாலா, விளிம்பு முழுக்க, காய்ந்துபோய். பாத்திரம் கழுவிய வரலாற்றிலேயே இத்தனை கேவலமாகக் கழுவப்பட்ட தட்டு இருந்திருக்காது. நாய் நக்கியிருந்தால் இதைவிடப் பளபளப்பு. ரோஸி கண்ணைக் காட்டினாள்: பேசாமல் சாப்பிடு மாமா.

சாப்பிட நினைத்தேன்தான். இட்லியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

இட்லியை எல்லாம் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, தட்டை அக்கா முன்னால் நீட்டினேன். விளிம்பெல்லாம் ஒட்டியிருக்கிறது, சரியாகக் கழுவவில்லை என்றேன்.

அக்கா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமாண்டா" என்றாள்.

குழாயடி. ரோஸி எழுந்தாள், அக்கா பார்த்த பார்வையில் உட்கார்ந்தாள். இடது கையில் நார். தட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நாரைக் கீழே போட்டு, வலது கையை மடியிலிருந்து தூக்கி, ஒரு கல்லைத் தூக்கி வைப்பதுபோல, தட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். ஓடாமல் நின்றது.

இட்லி ஆறிப்போய்விட்டது. காத்திருக்கிறேன்.