அப்பா ஒளித்துவைத்த மூன்று வயது

பாலிநகர்,
மல்லாவி.
21.09.2025

என் அன்பு மகள் தேனுகா,

குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டைகளை எடுத்து வெயில் காட்டிவிட்டு நீயும் மருமகனும் என் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று பிள்ளையாரை நம்பியிருக்கிறேன். இங்கே நான் சுகம், இரண்டு பசுக்களும் கன்றும் சுகம், சிறுபோக நெல்லும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்பாவும் சுகம்தான், ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல இந்தத் தாள் முழுவதும் வேண்டும், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். நீ எடுக்கும்போதெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் அவர்தானே, அவரை வைத்துக்கொண்டே அவருடைய கதையை எப்படிச் சொல்வது. அடுத்த வீட்டுச் சஜீவன் லீவு முடிந்து புதன்கிழமை ஒஸ்லோவுக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடும் புழுக்கொடியலோடும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கதிரையில் வசதியாக இருந்துகொண்டு வாசி, அடுப்பில் ஏதாவது இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டு வா.

மார்கழியில் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாட வருகிறீர்கள் அல்லவா, பேத்தியின் பள்ளிக்கூட விடுமுறைக்காக ஆவணியிலிருந்து தள்ளிவைத்த அந்தக் கொண்டாட்டம், அந்த அறுபது பொய் பிள்ளை. உன் அப்பாவுக்குப் போன மாதம் முடிந்தது அறுபத்துமூன்று. அவர் பிறந்தது 1965 இல் அல்ல, 1962 இல். அடையாள அட்டை இலக்கத்தின் தொடக்கத்தில் பிறந்த வருசம்தானே வரும், அதில் 62 என்றுதானே கிடக்கிறது என்று நீ கேட்பாய். கலியாணம் முடித்த புதிதில் நானும் அதையே கேட்டேன். ஊர்ப் பதிவு பார்த்த விதானையார் அறுபத்தைந்தை அறுபத்திரண்டு என்று காதில் வாங்கிப் பிழையாகப் பதிந்துவிட்டார், திருத்தப் போனால் அரசாங்கக் கச்சேரியில் ஒரு கிழமை நிற்கவேண்டும் என்றார். முப்பத்துமூன்று வருடமாக நான் அதை நம்பியிருக்கிறேன். எத்தனை சோதனைச் சாவடிகளில் எத்தனை பேர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வயது வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை.

இது எப்படி வெளியில் வந்தது என்றால் எல்லாம் அந்தக் கமக்காரர் பென்சனால்தான். உனக்கு அந்தத் திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர்களுக்குத்தான் பென்சன் என்று இருந்த காலத்தில், வயலில் நிற்பவனுக்கும் வயதாகும்தானே என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், நாங்கள் தவணைக்குத் தவணை கட்டவேண்டும், அறுபது வயதானதும் மாதாமாதம் தபால் கந்தோரில் எடுக்கலாம் என்றார்கள். அப்பா கலியாணத்துக்கு முன்னமே, இருபத்தெட்டு வயதில், அதில் சேர்ந்துவிட்டார். பிறகு சண்டை முற்றிக் கந்தோரே இடம்பெயர்ந்து திரிந்தது. அது ஓய்ந்தபிறகு, கட்டுகிறவர்களைவிட வாங்குகிறவர்கள் கூடிப்போனார்கள், நிதியில் காசு இல்லை என்று கொஞ்சக்காலம் கொடுப்பதையே நிறுத்தினார்கள். வயதான கமக்காரர்கள் எல்லோரும் தபால் கந்தோர் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு திருத்தம் செய்து திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் திருத்தத்துக்குள் வயதையும் ஏற்றி அறுபத்துமூன்று என்று சொன்னார்கள். கூட்டத்தில் அதை அறிவித்த அன்று எங்கள் ஊர் ஆம்பிளைகள் போட்ட சத்தம் வவுனிக்குளம் அணைக்கட்டு வரை கேட்டது. உன் அப்பா மட்டும் சிரித்த முகத்தோடு எழும்பி, “அரசாங்கத்துக்கும் கஷ்டம்தானே, மூண்டு வருசம் பொறுத்தால் என்ன குறைஞ்சு போகுது” என்றாராம். கேள்விப்பட்டு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா, இப்படி ஒரு பெருந்தன்மையான மனுசன் எனக்கு வாய்த்தாரே என்று. அவர் மனதுக்குள் போட்ட கணக்கு இப்போதுதான் விளங்குகிறது. அறுபதில் பென்சன் வந்திருந்தால் அன்றே என்னிடம் பிடிபட்டிருப்பார், வயதை ஏற்றியதால் மூன்று வருடம் தப்பினார். வயதெல்லை ஏறியதற்குச் சந்தோசப்பட்ட ஒரேயொரு கமக்காரன் இந்த நாட்டில் உன் அப்பாவாகத்தான் இருக்கும்.

போன மாதக் கடைசியில் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. அப்பா உழவு மெசினுக்குச் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தார், உரப் படிவத்தைக் கொடுக்க நான் போனேன். பென்சன் விசயம் பார்க்கிற உத்தியோகத்தர் கஜேந்தினி வந்திருந்தாள், கனகராயன்குளத்துப் பிள்ளை, ஸ்கூட்டியில்தான் ஊர் ஊராகத் திரிவாள், நல்ல பிள்ளை. அறுபத்துமூன்று முடிந்தும் இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் வாசித்தாள், மூன்றாவது பெயர் இளையதம்பி மயில்வாகனம். நான் எழும்பினேன். “பிள்ளை, எங்கடை ஆளுக்கு அறுபதுதான், ஐடியிலைதான் பிழை” என்றேன். அவள் மெல்லமாக, “இல்லை அன்ரி, சரியாத்தான் கிடக்கு” என்றாள். நான் விடவில்லை. முழு மண்டபத்துக்கும் கேட்க, என் புருசன் எவ்வளவு இளமையானவர் என்று பத்து நிமிசம் வாதாடினேன், இப்பவும் தென்னையில் ஏறுகிறார், பல் ஒன்றும் விழவில்லை, தலைமயிரைப் பாருங்கோ என்றெல்லாம் சொன்னேன். பின்வரிசையில் இருந்தவர்கள் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள், தலைக்கு மை பூசுவது ஊருக்கே தெரியும் போலிருக்கிறது. கடைசியில் அந்தப் பிள்ளை பழைய விண்ணப்பத்தின் பிரதியைப் பைல் கட்டிலிருந்து எடுத்து என் கையில் தந்தாள். அப்பாவின் கையெழுத்து, எனக்குத் தெரியாத எழுத்தா. பிறந்த திகதி 1962 ஆவணி 14. அதோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதியும். நான் உரப் படிவத்தைக்கூடக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் பின்னேரம் வந்து தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, “இஞ்சாருங்கோ, உங்களுக்கு எத்தினை வயசு?” என்றேன். “அறுபது எண்டு உமக்குத் தெரியாதோ” என்றார். “எனக்குத் தெரியும், கந்தோருக்குத்தான் தெரியேல்லையாம்” என்றேன். கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. “கஜேந்தினி வந்தவளோ” என்றார். ஓம் என்றேன். “அப்ப பென்சன் சரிவந்திட்டுதோ” என்றார் பிள்ளை! முப்பத்துமூன்று வருடப் பொய் பிடிபட்டு நிற்கிற மனுசன் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தேன், சிரித்து முடிய அழுகையும் வந்தது, ஏன் என்று கேட்காதே.

காரணத்தை அவர் வாயால் சொல்ல மூன்று நாள் ஆனது. கலியாணம் பேசியபோது என்னைப் பெற்ற உன் அம்மப்பா, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆறு வயதுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் எனக்கும் ஒன்பது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க் கியூவில் என்னைப் பார்த்து, தன்னுடைய இடத்தை எனக்கு விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய் நின்ற மனுசன் அவர், அது எனக்கும் நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற முத்துலிங்கம் பெரியப்பாதான் சாதகக் குறிப்பில் வருசத்தை மாற்றி எழுதுவித்தவர். அவரைப் போனில் பிடித்துக் கேட்டேன். எண்பது வயதில் வெட்கமே இல்லாமல் சிரிக்கிறார். “நான் என்ன பிள்ளை செய்ய, அவன் இரண்டு நாளாச் சாப்பிடாமல் கிடந்தவன், எனக்குத் தம்பி முக்கியமோ கிரகம் முக்கியமோ” என்றார். எனக்கும் விடமுடியவில்லை, உண்மையான திகதியைக் கொண்டுபோய் மல்லாவிச் சாத்திரியாரிடம் கொடுத்துப் பொருத்தம் பார்க்கச் சொன்னேன், யாரோ சொந்தக்காரப் பிள்ளைகள் என்றுதான் சொன்னேன். பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் இருக்கிறது, இந்த இடத்தைச் செய்யாதேங்கோ அம்மா, ஒரு வருசமும் ஓடாது என்றார். நான் தட்சணையை வைத்துவிட்டு வந்தேன். அந்த மூன்று நாளும் அப்பாவுக்கு நான் கொடுத்த தண்டனை, அவரைப் பெரியவர் என்று கூப்பிட்டதுதான். பெரியவர் சாப்பிட வாங்கோ, பெரியவர் பார்த்து நடவுங்கோ, பெரியவர் தென்னையில் ஏறாதேங்கோ, தலைக்குப் பூசும் மைப் போத்தலையும் எடுத்து அலுமாரிக்குள் பூட்டிவிட்டேன். இப்போது வெள்ளை மீசையோடு திரிகிறார், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடாதே.

ஆனால் பிள்ளை, எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது அந்த மூன்று வயதுக்காக அல்ல. அடுத்த திங்கட்கிழமை பென்சன் படிவம் நிரப்ப மல்லாவிக் கமநல சேவை நிலையத்துக்கு இருவரும் மோட்டார் சைக்கிளில் போனோம். மனைவியின் விபரம் என்ற இடத்தில் அப்பா முன்னமே எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெயர் கமலாசனி, தொழில் இல்லை, தங்கி வாழ்பவர். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாற்று நட்டது யார், களை பிடுங்கியது யார், யானை வருகிற நாட்களில் வெங்காய வெடியோடு வரம்பில் நின்றது யார். காலில் காயத்தோடு அவர் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு போகம் உன்னையும் இடுப்பளவு சேற்றுக்குள் இழுத்துக்கொண்டு விதைத்தேனே, அதற்கெல்லாம் பெயர் தொழில் இல்லையா. கஜேந்தினியிடம் கேட்டேன், நானும் இந்தத் திட்டத்தில் சேரலாமா என்று. “அம்பத்திநாலுதானே அன்ரி, சேரலாம், ஆனா நீங்கள் கமம் செய்யிற ஆள் எண்டு பதிவிலை இருக்கோணும், காணிப் பெர்மிட்டும் பதிவும் அங்கிளின்ரை பேரிலை மட்டும்தானே கிடக்கு” என்றாள். பயிர் செய்கிறவர் என்று என்னையும் பதியலாம், அதற்கு அவர் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்றாள். அப்பாவின் முகம் சுருங்கியது. “இப்ப காணியை எழுதித் தரச்சொல்லிக் கேக்கிறீரோ” என்றார், அந்தப் பிள்ளைக்கு முன்னால். “காணி உங்கடை பேரிலையே கிடக்கட்டும், நான் செய்த வேலையை எழுதுங்கோ” என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு கஜேந்தினியைப் பார்த்து, “எழுது பிள்ளை” என்றார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரியில் விதைத்த காலபோகத்திலிருந்து தொடங்கினார். எந்தப் போகம் இருவரும் செய்தோம், எந்தப் போகம் நான் தனிய நின்றேன், எந்த வருசம் வெள்ளம் வந்து நான் இரண்டாம்தரம் விதைத்தேன், நீ வயிற்றில் எட்டு மாதமாக இருக்கும்போது எந்த வயல் துண்டில் நெல் அரிவு வெட்டினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “அந்த இரண்டு போகமும் நான் ஆஸ்பத்திரியிலை, ஒரு நாளும் வயலுக்குப் போகேல்லை, முழுக்க அவாதான்” என்றார். எனக்கே மறந்துபோன போகங்கள் பிள்ளை. தன் வயதில் மூன்றை ஒளித்த மனுசன் என் போகங்களில் ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. கஜேந்தினி பேனையை வைத்துவிட்டு, இவ்வளவும் எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை அங்கிள் என்றாள். “அப்ப இன்னொரு தாள் எடு” என்றார். தாள் இணைத்துக் கையெழுத்து வைத்தோம். கிராம அலுவலர் வந்து பார்த்து உறுதிப்படுத்தினார், போன வெள்ளிக்கிழமை என் பெயரில் பதிவும் வந்துவிட்டது, முதல் தவணையையும் கட்டிவிட்டேன். அப்பாவுக்கு வருகிற பென்சன் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு தடவை பெற்றோல் அடிக்கக் காணும், எனக்கு வரும்போது சட்டத்தை இன்னும் எத்தனை தரம் திருத்தி எந்த வயதுக்கு ஏற்றி வைத்திருப்பார்களோ தெரியாது. ஏற்றட்டும், நான் வயதை ஒளிக்கிற ஆள் இல்லை.

மார்கழிக்குக் கட்டாயம் வாருங்கள், டிக்கெட்டை மாற்றவேண்டாம். அப்பாவின் உண்மையான அறுபது எப்படிப் போனது தெரியுமா, 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம், மல்லாவியில் டீசல் கியூவில் நின்றபடி தனக்குத்தானே ஒரு பணிஸ் வாங்கி, பிளேன்ரீயோடு சாப்பிட்டாராம், ஒருவருக்கும் சொல்லவில்லையாம். அதைக் கேட்டபிறகு எனக்கு மிச்சமிருந்த கோபமும் போய்விட்டது. கேக்கில் மட்டும் எண் எழுதவேண்டாம் என்று மருமகனிடம் சொல்லு. அப்பாவிடம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும், எப்படிச் சொல்கிறார் என்று எனக்கும் பார்க்க ஆசை. இன்னொன்று, பிள்ளையைப் பார்க்க நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த இரண்டு வருடத்துக்கும் உங்கள் நாட்டில் பென்சன் கணக்கு உண்டு என்று நீ முன்பு ஒருமுறை சொன்னாய். அது உன் பெயரில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று நாளைக்கே பார், மருமகன் நல்ல பிள்ளைதான், ஆனாலும் படிவத்தை நீயே நிரப்பு. மழைச் சப்பாத்து ஒரு சோடி எனக்கு வாங்கிக்கொண்டு வா, காலபோகத்துக்குச் சேறு கூட, ஏழாம் நம்பர். பேத்திக்கு என் முத்தம். எல்லாம் வல்ல பிள்ளையார் உங்கள் மூவரையும் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும், தீர்க்காயுளோடு இருங்கள், உண்மையான வயதோடு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
மயில்வாகனம் கமலாசனி
தொழில்: கமம்