மேல் மாடிக்குத் தனிப் பம்ப்

11.2.1991, திங்கள்

ஏழு மாதத்தில் பிறந்த மகளைப் போன கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். அறை குளிரக்கூடாது என்று நர்ஸ் இரண்டு தரம் சொன்னா. லண்டனில், எங்கள் கோலியர்ஸ் வுட் ரோட்டுகளில் இன்னும் பனி கரையவில்லை.

காலையில், சுடுதண்ணியில் ஓடும் வீட்டு ஹீட்டிங்கை மேல் மாடிக்கும் கீழுக்கும் தனித்தனியாகப் பிரிக்க வந்த பிளம்பர் சிவம் அண்ணை, "ஒரு பம்பே காணும் தங்கச்சி, ரெண்டு தேவையில்லை. சுடுதண்ணியைப் பிரிச்சுவிட ரெண்டு வால்வ் போடுவம்" என்றார்.

"பம்ப் நிண்டால்?"

"முழு வீடும் குளிரும். ரெண்டு பம்ப் எண்டால் ஒண்டு நிண்டாலும் மற்றது ஓடும்."

"அப்ப ரெண்டு பம்ப் போடுங்கோ."

"ஏனப்பா இப்பிடிப் பயப்பிடுறீர்?" என்று என் கணவர் சிரித்தார்.

பின்னேரம் இரண்டும் ஓடத் தொடங்கின. மேல் பம்ப் நின்றால் பிள்ளையைக் கீழே தூக்கிக்கொண்டு போகலாம். நான் அசந்து தூங்கும்போது நின்றால்? அறைச் சுவரிலுள்ள ரேடியேட்டரைத் தொட்டேன், சூடு. பிள்ளையின் காலைத் தொட்டேன், அதுவும் சூடு. இன்னும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.