எல்லாச் சுவருக்கும் அதே மஞ்சள்

பிப். 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். பெயிண்டர் வந்துவிட்டார். சாமான் எல்லாம் கூடத்து நடுவில், பழைய சேலை போட்டு மூடியாச்சு. சிலிண்டர் புக் பண்ண மறதி.

எல்லா அறைக்கும் ஒரே கலர். வெளிர் மஞ்சள். அடுப்படிக்குக்கூட. எனக்குப் பிடித்தமில்லை. ஆனால் கேட்பது மதினி, இவருடைய அக்கா. என்ன சொல்ல? ஆற்றோரம் இருந்த அவள் வீடு அந்த மார்கழி வெள்ளத்தில் போச்சு. மாட்டை அவிழ்த்துவிடப் போன அவள் வீட்டுக்காரரும் போனார். உடல் கிடைக்கவில்லை. ரெண்டு வருஷமாக எங்களோடுதான். தாலி, பொட்டு எல்லாம் அப்படியே. கருமாதிப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

இடிந்த வீட்டின் காரைத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறாள். அதைக் காட்டித்தான் இவர் கடையில் கலர் கலக்கி வாங்கினது.

பிப். 12, வியாழன்

முதல் அறை முடிந்தது. திரிந்த பால் மாதிரி இருக்கு என்றேன். "பையப் பேசு" என்றார் இவர்.

பெயிண்டர் மதினியிடம்: "ஒரு சுவரு மட்டும் வேற கலரு அடிச்சா எடுப்பா இருக்கும்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எங்கன நின்னு பாத்தாலும் அவுகளுக்கு நம்ம வீடுன்னு தெரியணும்."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் காபி போடப் போய்விட்டேன்.

பிப். 17, செவ்வாய்

வேலை முடிந்தது. பெயிண்ட் வாடை, தலைவலி. எந்த அறையில் நிற்கிறேன் என்றே குழப்பம். அடுப்படி என்று நினைத்து மதினி அறைக்குள் போனேன். கட்டில், பீரோ, சாமி படம் எல்லாம் இடம் மாறியிருந்தன.

"எங்க வீட்டுல இப்படித்தான் கிடக்கும்" என்று சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாச்சு.

சாயங்காலம் தலை சீவி, பூ வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தெருவிலிருந்து ஏறிவரும் மாடிப்படியைப் பார்த்தபடி.

மார்ச் 4, புதன்

ஸ்கூலில் தந்த பத்தாம் வகுப்புப் பேப்பர் இன்னும் பாதி திருத்தவில்லை. மதினி இன்றைக்கும் பூ, நாற்காலி. ஒரு நாள் தப்பவில்லை.

கூட்டும்போது பார்த்தேன். கூடத்துச் சுவரில் ஈரம். நெஞ்சு உயரத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அதற்குக் கீழே மஞ்சள் கருத்துக் கிடக்கிறது. அடுப்படியிலும். எல்லா அறையிலும். ஒரே உயரம்.

நாங்கள் இருப்பது மாடி. அந்த வெள்ளத்திலேயே எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. மழை பெய்தும் வாரக்கணக்காச்சு.

தொட்டுப் பார்த்தேன். விரலில் வண்டல். ஆற்று வாடை.

மார்ச் 5, வியாழன்

பெயிண்டர் வந்து தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவத்துல குழாயே போகலியே. நல்லாக் காஞ்ச பொறவுதான் அடிச்சேன்." மறுபடி அடிக்கக் கேட்டதற்கு வேறு இடத்தில் வேலை இருக்காம். தெருவுக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தார்.

மதினியிடம் சொல்லாதே என்றார் இவர். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கு. கோட்டின் மேல் கை வைத்தபடி நின்றாள்.

"எங்க வீட்டுலயும் இந்த அளவுதான்ளா ஏறுச்சு. தண்ணிக்கு வீடு அடையாளம் தெரிஞ்சிட்டு. அவுகளுக்குத் தெரியல, பாரு."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மார்ச் 8, ஞாயிறு

காபி குடிக்கும்போது மதினியே இவரிடம் சொன்னாள்: "ஏலே, நல்ல நாள் பாரு. அவுகளுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்."

இவர் டம்ளரை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு அவள் பூ வைக்கவில்லை. நாற்காலியையும் எடுத்து உள்ளே போட்டுவிட்டாள்.

திசையன்விளைக்கு, மதினி மகளுக்கு, போன் போட்டேன். "அம்மாவா சொன்னா? நெசமாவா அத்தை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

படித்துறையில் எல்லாம் முடிந்தது. தர்ப்பையில் ஆள் மாதிரி செய்து எரித்தார்கள். தாலியை மதினி தானே கழற்றினாள். யாரையும் தொட விடவில்லை. ஆற்றில் முழங்கால் தண்ணீர். ஒன்றும் அறியாத மாதிரி போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் சுவரெல்லாம் காய்ந்து கிடந்தது. கோடு இல்லை. கறைகூட இல்லை. இவர் அறை அறையாகப் போய்த் தடவிப் பார்த்தார்.

மார்ச் 18, புதன்

மதினியை மகள் கூட்டிப் போய்விட்டாள். இனி அங்கேதான். பஸ் ஏறும்போது, "என்ன கலரு வேணும்னாலும் அடிச்சுக்கோங்க" என்றாள். முகம் தெளிவு. ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள்.

பால் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

ரெண்டு பேருக்கும் லீவு. நல்ல வெயில். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரசத்தில் உப்பு கம்மி. அடுத்து என்ன கலர் என்று பேச்சு. இவருக்குப் பச்சை, எனக்கு வெள்ளை.

மாடிப்படியில் கால் சத்தம். செருப்பில்லாத கால். ஈரக் கால். கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"மரகதம்."

மதினியைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்தத் தெருவில் ஆள் கிடையாது. இவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"ஏளா மரகதம், கதவத் திற. வீட்டக் கண்டுபிடிச்சு வர இம்புட்டு நாளாயிட்டு."

அத்தான் குரல் என்றார் இவர். உதடு மட்டும்தான் அசைந்தது.

அவள் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். யார் எழுந்து போய்ச் சொல்ல.