ஐந்து பூஜ்யம்

புதன் இரவு. நாளை பௌர்ணமி.

இன்று என் ஆட்டோ லட்சம் கிலோமீட்டரைத் தொட்டது. மீட்டர் பழசு, ஐந்து இலக்கம்தான் காட்டும். லட்சம் வந்தால் ஐந்தும் பூஜ்யமாகிவிடும். அது ராஜகோபுரத்துக்கு எதிரில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வாங்கி சீட்டுக்கடியில் வைத்திருந்தேன். கணக்கு சரியாக வருவதற்காக, சவாரி ஏற்றாமல் கிரிவலப் பாதையில் காலி வண்டியை ஓட்டினேன்.

கோபுரம் கண்ணில் படும் தூரத்தில் போலீஸ்காரர் மறித்தார். "நாளைக்குக் கூட்டம், இப்பவே ரூட்டு மாத்தியாச்சு. சுத்திப் போ."

சுற்றிப் போனேன். வழியிலேயே ஒன்பதுகள் ஐந்தும் ஒன்றாக உருண்டன. வண்டியை நிறுத்திப் பார்த்தால் சுடுகாட்டு வாசல்.

உள்ளே வேலை பார்ப்பவர் வந்து பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"பொணம் பின்னாடி வருதாப்பா?"

"இல்லீங்க, சும்மாதான் நின்னேன்."

"இங்க யாருப்பா சும்மா வந்து நிக்கிறாங்க?" அவர் சிரிக்கவில்லை.

கற்பூரம் ஏற்றாமலே கிளம்பிவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி விஜயா திடுக்கிட்டாள். "எப்ப வந்தீங்க? வண்டிச் சத்தமே கேக்கலியே." என் வண்டிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும்.

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். டார்ச்சோடு போய் மீட்டரைப் பார்த்தேன். சுடுகாட்டிலிருந்து வீடு நாலு கிலோமீட்டராவது இருக்கும். மீட்டரில் இன்னும் ஐந்து பூஜ்யம்தான். கேபிள் அறுந்திருக்கும். காலையில் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மீட்டரை நம்பினால், நான் இன்னும் அந்த வாசலை விட்டுக் கிளம்பவே இல்லை.