அடுக்கு இறங்கிய தாள்

லம்பாசா
8 ஜூன் 2003, இரவு

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பெரிய எழுத்துக் கணக்குத் தாள் வந்த உறையின் பின்புறம் டுனீடின் முகவரி ஒட்டியிருந்தது. உறையைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை.

என் பெயர் உனைசி. ஆறாம் படிவம் படிக்கிறேன், வயது பதினேழு. ஊர் கோரோ தீவு, இருப்பது பள்ளி விடுதியில். எனக்குப் பார்வை குறைவு. எழுத்து கட்டைவிரல் நகம் அளவு இருந்தால் லென்ஸ் வைத்துப் படித்துவிடுவேன். பெரிய எழுத்துத் தாள் எங்கள் பள்ளியில் எனக்கு மட்டும்தான் வருகிறது.

போன வாரம் மாதிரிப் பரீட்சை. நாலாவது கேள்வியில் மூன்றும் x-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, சமம் 81 என்று இருந்தது. மூன்று பெருக்கல் x என்று எடுத்துக்கொண்டேன். 27 என்று அழகாக வந்தது. சந்தேகமே வரவில்லை. மற்றவர்களுடைய சின்ன எழுத்துத் தாளில் x மூன்றின் தலைமேல் இருந்ததாம். மூன்றின் அடுக்கு x. விடை 4. தாள் முழுக்க இப்படியே இருந்திருக்கிறது. என் தோழி ரேஷ்மா தன் தாளை எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "ஏய், கோளாறு உன் கண்ணுலயா, தாள்லயா? முதல்ல அதைத் தெரிஞ்சுக்க" என்றாள்.

தாளில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கணக்கு எடுக்கும் நங்கசிமா மாஸ்டரிடம் சொல்ல முடியவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வகுப்பில் எல்லார் முன்னாலும், "பெரிய எழுத்து வேணும்னே, வரவழைச்சுக் கொடுத்தாச்சு. அதுவும் தெரியலன்னா இனிமே வானத்துலதான் எழுதிக் காட்டணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆகஸ்டில் பொதுப் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப வேண்டும். கணக்குக்கு என் பெயரை அனுப்புவதா, என்னைத் தையல் வகுப்பில் போடுவதா என்று யோசிப்பதாகச் சொன்னார். தாள் தப்பு என்று நான் சொன்னால் சாக்குச் சொல்கிறேன் என்பார்.

ஆங்கிலப் பாடத்தில் லென்ஸை இழுத்து இழுத்துப் பக்கம் முடிவதற்குள் முதல் வரி மறந்துபோகும். கணக்கில் ஒரு வரிக்குள் எல்லாம் இருக்கும். எனக்கு அது ஒன்றுதான் வரும்.

நான் எழுதியதைத் தயவுசெய்து பள்ளிக்குச் சொல்ல வேண்டாம். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் ரேஷ்மாவின் அப்பா கடை முகவரிக்கு எழுதவும். தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உனைசி


டுனீடின்
24 ஜூன் 2003

அன்புள்ள உனைசி,

ஐயா இல்லை, அம்மையீர்தான். கிளெனிஸ் டாரன்ட் என்று பெயர். கேள்வித்தாள்களைக் கணினியில் கோப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் கோப்பைத் திறந்து பெரிய எழுத்துப் பக்கத்தைப் பார்த்தேன். அதை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. தப்பு அங்கேதான் ஆரம்பம்.

உன் கண்ணில் கோளாறு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். 'இது அடுக்கு' என்று மென்பொருளிடம் சொன்னால் போதும், அதுவே தூக்கி ஓர் இடத்தில் வைக்கும். அந்த இடம் எனக்குப் பிடிக்காது. மேலே இருக்கும் பின்னக்கோட்டை இடிக்கிற மாதிரி தோன்றும். ஆகவே அடுக்கு என்றே சொல்லாமல், 'x-ஐ இவ்வளவு தூக்கு' என்று கையால் அளவு கொடுத்து விடுவேன். சின்ன எழுத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். இந்தத் தொழிலில் என்னைப் போல ஆட்கள் நிறைய.

பெரிய எழுத்துத் தாளில் எந்த எழுத்தும் சின்னதாக இருக்கக் கூடாது என்பது விதி. மூன்று வளர்ந்தது. x-ம் அதே அளவுக்கு வளர்ந்தது. நான் கொடுத்த தூக்கு மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. பார்க்கிற யாரும் பெருக்கல் என்றுதான் சொல்வார்கள்.

உன் மாஸ்டருக்கு இன்றே எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. நீ வேண்டாம் என்கிறாய். என்ன செய்யட்டும், சொல்.

அன்புடன்,
கிளெனிஸ் டாரன்ட்


லம்பாசா
9 ஜூலை 2003, இரவு

அன்புள்ள மிசஸ் டாரன்ட்,

உங்கள் கடிதத்தை மூன்று இரவுகளில் படித்தேன். உங்கள் கையெழுத்து சின்னது. குறை சொல்லவில்லை. அடுத்த தடவை கொஞ்சம் பெரிதாக எழுத முடியுமா?

நியூசிலாந்துத் தபால்தலையைப் பார்த்து ரேஷ்மாவின் அப்பா அவளுக்கு அங்கே யாரோ பையன் இருக்கிறான் என்று நினைத்துவிட்டார். அவள் மறுக்கவில்லையாம். "இருக்கட்டும்டி, கொஞ்ச நாள் மரியாதையா நடத்தறாங்க" என்கிறாள்.

நான் யோசித்தேன். உங்கள் அலுவலகமே தப்பைக் கண்டுபிடித்த மாதிரி பள்ளிக்கு எழுதினால் என்ன? என் பெயர் வராமல்? விடுதிக்குத் தெரியாமல் பிள்ளைகள் வெளியாட்களுக்கு எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் ஒருத்தி போனாள். வீட்டுக்குப் போனால் கோரோவில் ஆறாம் படிவம் கிடையாது.

நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? வீட்டிலிருந்தே வேலை என்றதால் கேட்கிறேன். நான் நாற்பது பேர் தூங்கும் அறையில் இருக்கிறேன். ஆனாலும் என்னிடம் பேசுகிறவள் ரேஷ்மா மட்டும்தான். அவளும் மணி அடித்ததும் பஸ் ஏறிவிடுவாள். சாப்பாட்டு அறையில் பெண்கள் தூரத்திலிருந்து கையசைத்துக் கூப்பிடுவார்களாம். என் கண்ணுக்குத் தெரியாது. மரவள்ளித் தட்டை எடுத்துக்கொண்டு நேரே என் மூலைக்குப் போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது யாரும் கையசைப்பதில்லை என்று ரேஷ்மா சொல்லித்தான் முன்பு அசைத்ததே தெரியும்.

உங்களை ஆன்ட்டி என்று கூப்பிடலாமா?

அன்புடன்,
உனைசி


டுனீடின்
28 ஜூலை 2003

அன்புள்ள உனைசி,

இந்தப் பேனாவின் முனை போதுமா? கடையில் இருந்ததிலேயே தடித்தது. கூப்பிடு. ஆன்ட்டி என்று என்னைக் கூப்பிட இங்கே யாரும் இல்லை.

திருத்திய தாள் பள்ளிக்குப் போய்விட்டது. 'பெரிய எழுத்துப் பிரதியில் அடுக்குகள் இடம் மாறிவிட்டன, தவறு எங்களுடையது, மாணவருக்கு மறுபடி வாய்ப்புத் தரவும்' என்று நிறுவனத்தின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் பெயர் இல்லை. அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

நான் கையால் தூக்கிய எல்லாவற்றையும் அழித்தேன். எவ்வளவு உயரம் என்று சொல்லாமல், யாருக்கு மேலே என்று மட்டும் சொன்னேன். எழுத்தை நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். x மூன்றின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. என் கண்ணுக்கு இப்போதும் அது அழகில்லை. போகட்டும்.

ஆமாம், தனிதான். கணவர் போய்ப் பல வருஷமாயிற்று. தங்கை இன்வர்கார்கிலில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு வா என்பாள். இங்கே இன்று உறைபனி, குழாயில் தண்ணீர் வரவில்லை. என்னிடம் தினமும் பேசுகிறவர் கூரியர்காரர் ஒருவர்தான். "இங்கே கையெழுத்து" என்பார். மதியம் சீஸ் ரோல் சுட்டேன். எப்போதும் ஒரு தட்டு அதிகமாகிவிடுகிறது. அவரிடம் நீட்டினேன். அவசரம் என்று போய்விட்டார். உன் கடிதம் வந்த நாளில்தான் அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றேன்.

மாஸ்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
ஆன்ட்டி


லம்பாசா
14 ஆகஸ்ட் 2003, இரவு

அன்புள்ள ஆன்ட்டி,

பெயர் போய்விட்டது. கணக்குக்கு.

மாஸ்டர் புதுத் தாளைக் கொடுத்து நூலகத்தில் தனியாக உட்கார வைத்தார். லென்ஸை வைத்ததும் மூன்று தெரிந்தது. மேலே நகர்த்தினேன். x அங்கே இருந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் மேலே போய்ப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அவர் அங்கேயே திருத்தி மதிப்பெண் போட்டார். பிறகு, "முதல்லயே வந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். வானத்தில் எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் கடிதங்கள் தலையணை உறைக்குள் இருக்கின்றன. படுத்தால் காகிதச் சத்தம் கேட்கும். பக்கத்துக் கட்டில்காரி எலி என்று நினைக்கிறாள்.

அக்டோபரில் வரும் பரீட்சைத் தாளையும் நீங்கள்தானே கோப்பீர்கள்? நீங்கள் என்றால் எனக்குப் பயமில்லை. அங்கே x பக்கத்தில் நின்றால் மறுபடி எழுத வைக்க மாட்டார்கள்.

சீஸ் ரோல் எப்படி இருக்கும்?

அன்புடன்,
உனைசி


டுனீடின்
30 ஆகஸ்ட் 2003

அன்புள்ள உனைசி,

இதை உன்னிடமிருந்து மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நிதானமாகப் படி.

பரீட்சைத் தாளைக் கோப்பவருக்கு எழுதும் மாணவர் யாரையும் தெரிந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் அப்படி உறுதி சொல்லித்தான் வேலையை வாங்குவேன். இந்த வருஷம் சொன்னால் பொய். பரீட்சை அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு மாணவியோடு கடிதப் போக்குவரத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வேலையை ஆக்லாந்தில் இருக்கும் ஸ்டூவர்ட்டிடம் கொடுத்துவிடுவது. நல்ல பையன், வேகமானவன். ஆனால் அலுவலகத்திலிருந்து வருகிற கோப்பு முழுக்கக் கையால் தூக்கி வைத்த எழுத்துகளாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய பக்கத்தைப் பார் என்று அவனிடம் சொல்வேன். பார்ப்பதாகச் சொல்வான். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தேன்.

இன்னொன்று, நானே செய்வது. அதற்கு நம் கடிதங்கள் அத்தனையையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். படித்துப் பார்ப்பார்கள். உன் பள்ளிக்கும் தெரியும். நீ பள்ளியை விட்டுப் போகும்வரை ஒருவருக்கொருவர் எழுதக் கூடாது. ஏழாம் படிவமும் சேர்த்தால் அடுத்த வருஷக் கடைசி. அதற்குள் நான் இந்த வீட்டில் இருப்பேனா, இன்வர்கார்கிலில் இருப்பேனா, தெரியாது.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், வேலையை ஸ்டூவர்ட்டிடம் கொடுத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருப்பதுதான். அதனால்தான் முடிவை நான் எடுக்கக் கூடாது.

செப்டம்பர் பதினெட்டாம் தேதிக்குள் உன் கடிதம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேலை ஆக்லாந்துக்குப் போய்விடும்.

அன்புடன்,
ஆன்ட்டி

சீஸ் ரோல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ரொட்டி, சீஸ், வெங்காயம். சூடாகச் சாப்பிட வேண்டும்.


லம்பாசா
9 செப்டம்பர் 2003

அன்புள்ள ஆன்ட்டி,

என் தாளை நீங்களே செய்யுங்கள். கடிதங்களைக் கொடுத்துவிடுங்கள். இதையும் சேர்த்துக் கொடுங்கள்.

முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டூவர்ட் செய்யட்டும், நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம் என்று. நேற்று அதை ரேஷ்மாவிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தேன். பலகையில் மாஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பலகை தெரியாது, சாக்பீஸ் சத்தம்தான் கேட்கும். பரீட்சை அறையில் லென்ஸை மேலே நகர்த்தும்போது அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். கைகாட்டிக் கேட்க முடியாது. யாரும் வாசித்துக் காட்ட மாட்டார்கள். அப்போது தலையணைக்குள் உங்கள் கடிதம் எத்தனை இருந்தாலும் உதவாது.

மணி அடித்ததும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். நான் ஓடுவதில்லை. வழியில் ஒரு சைக்கிளை இடித்து முழங்கை சிராய்த்துக்கொண்டது. பஸ்ஸில் ஏறி ரேஷ்மா ரேஷ்மா என்று கத்தினேன். "என்னடி, அதுல காதல் கடிதமா எழுதிட்டே?" என்றாள். கடிதத்தை வாங்கி அங்கேயே கிழித்தேன். டிரைவர் கீழே போடாதே என்றதால் துண்டுகளைப் பையில் வைத்திருக்கிறேன்.

எப்படியும் தெரியப் போகிறது என்று விடுதி மேட்ரனிடம் நானே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றித் தலைமையாசிரியர்தான் முடிவு செய்வாராம். பரீட்சை முடியும்வரை அனுப்ப மாட்டார் என்று நினைக்கிறாளாம், நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். அதுவரை சமையலறைப் பாத்திரம் என் பொறுப்பு. கடைசிக் கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்றேன். "எழுதறதை இங்க உக்காந்து, என் கண்ணு முன்னால எழுது" என்றாள். அதனால் விளக்கு வெளிச்சத்தில், அவள் அறையில் எழுதுகிறேன். எதிரே படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது.

இதைப் படிக்கும் அலுவலகத்தாருக்கு: ஆன்ட்டி எனக்குக் கேள்வி எதுவும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

ஆன்ட்டி, வேறொன்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இத்தனை பேர் படிப்பார்கள் என்பதால் எழுதவில்லை. உங்கள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கலாம். அதற்கும் பதில் எழுத முடியாது இல்லையா?

கடைக்குத் தபால் வந்ததா என்று இனிமேல் ரேஷ்மாவிடம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். மறந்துபோய் நான் கேட்டால், காதில் விழாத மாதிரி இருந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உனைசி