மம்மா என்ற சொல்

என் மம்மா,

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், சிரிக்காமல் கேள். நான் உன்னைக் கூப்பிட்ட பெயர் விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது!

என்னைப் பெற்றதும் அம்மா டைபாய்டில் படுத்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் நீ ஏழுமலைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாய். நாங்கள் மாதா கோயில், நீங்கள் மாரியம்மன் கோயில். நீ அதையெல்லாம் பார்க்கவில்லை. நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்து என்னையும் மடியில் போட்டுக்கொள்வாயாம். பாலுக்கு அழும் குழந்தை 'மம்மம்' என்னும் அல்லவா? அதையே உனக்குப் பெயராக்கி, மீசை முளைத்த பிறகும் 'மம்மா' என்றுதான் கூப்பிட்டேன். தெருவே கேலி செய்தது.

நீ போன அன்று வாய்க்கரிசி போட நானும் அரிசியை அள்ளிக்கொண்டு நின்றேன். வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"நீ இன்னா மொற வேணும்பா? ஒறவுக்காரங்கதான் போடணும்."

ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவளுக்கு எங்களிடம் ஞானத்தாய் என்று பெயர் உண்டு. பால் கொடுத்தவளுக்கு? நான் விலகி நின்றேன். உன்னைத் தூக்கிப் போன பிறகும் அந்த அரிசி என் கையிலேயே இருந்தது.

போன வாரம் கல்லூரியில் பாடம் நடந்தது. மனிதன், மாடு, எலி, திமிங்கலம் எல்லாம் அடங்கிய வகுப்புக்கு 'மம்மேலியா' என்று பெயர். முன்பெல்லாம் நாலு காலை வைத்துத்தான் பெயர் சொன்னார்களாம். "அதாவது, நாற்காலி" என்றார் பேராசிரியர். எல்லாரும் சிரித்தோம். பிறகு ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஒருவர் அதை மாற்றினாராம். திமிங்கலத்துக்குக் கால் ஏது? ரோமம், காது, பல் என்று எத்தனையோ இருக்க, அவர் எடுத்துக்கொண்டது முலையை. லத்தீனில் அதற்கு 'மம்மா'.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, மம்மா. நடுக்கடலில் குட்டிக்குப் பால் தரும் திமிங்கலமும், நம் வைக்கோல் போரில் ஈன்று கிடக்கும் எலியும், புளியமரத்து வௌவாலும், நீயும் நானும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறோம். லத்தீன் பேசியவர்கள் வீட்டுப் பிள்ளையும் பசித்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்குமா? எந்த ஊர்க் குழந்தை முதலில் சொல்லியிருக்கும்?

ஒரு வேடிக்கை. பெற்றவளேதான் பால் கொடுக்க வேண்டும், இன்னொருத்தியிடம் விடக் கூடாது என்று வாதாடியவராம் அதே அறிஞர். நல்லவேளை, அவர் நம் வில்லியனூர் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் நான் ஏது?

அன்று ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏழுமலையிடம் ஓடினேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தான். பெரியவர் தடுத்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"கையில அரிசியோடவா நின்ன? நான் பாக்கவே இல்லியேடா."

மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"தெவசத்துக்கு வூட்டுக்கு வா. மொதப் புடி சோறு நீதான் படைக்கணும். எவனாச்சும் மொற கேட்டான்னா, அந்த லத்தீன எடுத்து வுடு."

வருவேன், மம்மா. உன் இலையில் முதல் பிடி என் கையால்தான் விழும். அன்று போடாமல் விட்ட அரிசியும் அதில் சேர்த்தி. யாராவது கேட்டால் லத்தீன் எதற்கு? இங்கே கையெழுத்துப் போடுவதையே சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலையின் தம்பி,
உன் இளைய மகன்
சவரிமுத்து